வானத்து வரிசை

மதுரையினின்று திண்டுக்கல் நோக்கிச் செல்வோர்க்குக் கொடைரோடு நெருங்கும்போதே மேற்றிசையில் பழநி மலைத்தொடர் நீலச்சுவர்போல் எழுந்து தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கி நீண்ட கிளை இது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும், தெற்கு வடக்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பரந்து கிடக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. அதனினும் உயர்ந்து நிற்கும் வந்தரவு என்னும் கொடுமுடியின் உயரம் 2,533 மீட்டர்.

இம்மலையில் மக்கள் ஏறி இறங்குவதற்கு ஒழுங்குகள் பல உள. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், இரு வண்டிகள் ஒருங்கே செல்ல இடம் போதாவிடத்து, இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடுதல் வேண்டும். வளைவுதோறும் ஒலியெழுப்பிச் செல்வர் ஓட்டுநர். வடபால் பழநித் திருக்கோயிலில், மக்கள் 'விஞ்ச்' என வழங்கும் இழுவை ஊர்தி தண்டவாளத்தின்மீதே ஏறும், தண்டவாளத்தின்மீதே இறங்கும். அது விலகிச் செல்ல எண்ணினும் இயலாது. பாதையும் தண்டவாளமும் பேசாமலே ஒழுங்கைக் காக்கின்றன.

வானத்தில் பாதையின் ஓரத்தே நட்ட கல் இல்லை; தண்டவாளமும் இல்லை. அங்கே ஒரு விமானத்தை மற்றொரு விமானத்தினின்று விலக்கி வைப்பது பெரும்பாலும் சொல் ஒன்றே. தரையில் இருந்துகொண்டு ஒருவர் சொல்கிறார். வானில் இருப்பவர் கேட்டு நடக்கிறார். சொல்பவர்க்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று பெயர்.

இத்தொழிலை இன்று ஊதியமின்றியும், உண்மை விமானமின்றியும் விளையாட்டாகச் செய்வோர் உலகெங்கும் உளர். கணிப்பொறித் திரையில் விமானம் ஓட்டும் விளையாட்டு புதியதன்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'ஃப்ளைட் சிமுலேட்டர்' முதன்முதல் 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் திரையில் தெரிந்தவை சில கோடுகளும் கட்டங்களுமே. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பிலோ, செயற்கைக்கோள் எடுத்த படங்களைக்கொண்டு நிலவுலகு முழுவதும் அமைக்கப்பட்டது. கோடைக்கானல் ஏரியையும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளையும் அதிற் காணலாம். தனித்தனியே பறந்துகொண்டிருந்தவர்களை இணையத்தின் வாயிலாக ஒரே வானத்தில் ஒன்றுசேர்த்த அமைப்புகள் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று 1998இல் தோன்றிய 'ஐவாவோ'. மற்றொன்று 2001இல் தோன்றிய 'வாட்சிம்'. இவற்றில் சேரக் கட்டணம் இல்லை. விமானம் ஓட்டுபவரும் தொண்டர், கட்டுப்படுத்துபவரும் தொண்டர். கட்டுப்பாட்டாளராக அமர விரும்புவோர் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிப் படிப்படியாகவே உயர்தல் வேண்டும். தரையில் ஊர்தலை ஒழுங்கு செய்வது முதற்படி. ஓடுபாதையைக் காப்பது அடுத்தது. நிலையத்தை அணுகும் விமானங்களை நிரைப்படுத்துவது அதற்கு மேற்பட்டது. பரந்த வான்பரப்பு முழுவதையும் பார்ப்பது அதனினும் மேற்பட்டது. மேல்நிலையில் அமர்ந்தவர், கீழ்நிலைகளில் ஒருவரும் இல்லாதபோது அவ்வேலைகளையும் தாமே ஏற்றுச் செய்வது வழக்கம்.

இவ்வமைப்புகளில் ஒருநாள் குறித்து, ஒரு நேரம் குறித்துப் பலர் ஒரே வழியில் பறப்பது உண்டு. அதனைக் கூட்டுப்பறத்தல் எனலாம். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பெருங்கூட்டத்தை வாட்சிம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அதில் பறப்போர் மிகப் பலர். அத்தகைய பெருங்கூட்டம் வேண்டா. மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு 20 பேர் ஒரு மாலையில் ஒருங்கே புறப்படுவதாகக் கொள்க. கட்டுப்பாட்டாளர் ஒருவரே எனவும் கொள்க. அவர்க்கு நேரும் இடர் யாது என்று ஆராய்வார்க்கு இவ்விளையாட்டின் உள்ளியல்பு விளங்கும்.

மதுரை விமான நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோயம்புத்தூருக்கு நேர்கோடு இட்டால் அதன் நீளம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். அக்கோடு தாண்டிக்குடிப் பகுதியை ஒட்டிக் கீழ்ப்பழநி மலைகளின் மேலாகச் சென்று பழநியூரின் அருகே சமவெளியில் இறங்கும். மேற்கே சிறிது விலகினாலோ மேல்மலை வந்துவிடும். வந்தரவு முடியின் உயரத்தை அடியளவில் கூறின் 8,310 அடியாகும். மலைநாட்டில், மேகத்தினுள் செல்லும் விமானம் மிக உயர்ந்த இடத்திற்கு மேலும் 2,000 அடி விட்டுப் பறத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே 10,310 அடிக்குக் குறைந்து செல்லலாகாது. கணக்குத் தெரிந்த கட்டுப்பாட்டாளர் 11,000 அடி என்று சொல்வார்.

ஏர்பஸ் போன்ற பெரிய விமானத்திற்கு அது பெரிதன்று. சில நிமிடங்களில் அவ்வுயரத்தை எட்டிவிடும். ஆனால் கூட்டத்தில் எல்லாரும் பெரிய விமானம் ஓட்டுபவர் அல்லர். நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை விரும்புவோர் பலர். அது தரைமட்டத்தருகே நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 அடி ஏறும். உயரம் கூடக்கூட ஏறும் வேகம் குறையும். மதுரையினின்று மலைத்தொடரின் விளிம்பு 50 கிலோமீட்டர் அளவிலேயே வந்துவிடுகிறது. அதற்குள் 11,000 அடியைத் தொடுவது அச்சிறு விமானத்திற்கு அரிது. அதனை வேறு வழியில் அனுப்ப வேண்டும். சிறுமலைக்கும் பழநி மலைக்கும் இடையே, இருப்புப்பாதை செல்லும் தாழ்நிலத்தின் மேலாகத் திண்டுக்கல் சென்று, ஒட்டன்சத்திரம், பழநி, உடுமலைப்பேட்டை என்று மலையை இடப்பக்கத்தே விட்டுச் செல்லும் வழி அது. சுற்றுவழிதான், ஆயினும் நிலத்தின் அமைப்பை அறிந்த வழி. நம் முன்னோர் வண்டிகட்டிச் சென்றதும் ஏறக்குறைய இவ்வழியேதான் என்பது நினைக்கத்தக்கது. நிலநூல் பாடத்தை வெறுக்கும் சிறுவன் ஒருவன், இவ்விளையாட்டில் நுழைந்தபின் சிறுமலை எங்கே உள்ளது என்று படத்தை விரித்துத் தேடுவான். அந்த ஒன்றுக்காகவே இதனை முற்றும் பழிக்க மனம் வாராது.

இனி, வரிசை. பெரிய விமானம் 10,000 அடிக்குக் கீழ் மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வரை செல்லும். செஸ்னாவோ அதில் பாதியும் செல்லாது. மெல்லச் செல்வதை முன்னே விட்டு விரைந்து செல்வதைப் பின்னே விட்டால், இரண்டும் வானில் நெருங்கும். விரைந்து செல்வதை முன்னே விட்டால் நெருக்கமே நேராது. ஆனால் மெல்லச் செல்பவர் முதலில் வந்து ஓடுபாதையின் தலைப்பில் நிற்கிறார், "முதலில் வந்த எனக்கு முதலிடம் இல்லையா?" என்பது அவர் வினா. நியாயமான வினாவே. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் வந்த முறைப்படி நிற்பதே வரிசை. வானத்து வரிசையிலோ, வந்த முறையோடு பொருளின் இயல்பும் கருதப்படும். கட்டுப்பாட்டாளர் இதற்கெல்லாம் காரணம் கூறிக்கொண்டிருக்க இயலாது. "காத்திருக்க" என்று ஒரு சொல் சொல்வார். கேட்டவர் காத்திருப்பார்.

அனைவரும் கோயம்புத்தூரை நெருங்கும்போது இடர் மிகும். ஓடுபாதை ஒன்று, வருவோர் இருபதின்மர். ஒருவர் இறங்கி, ஓடுபாதையை விட்டு விலகிய பின்னரே அடுத்தவர் இறங்கலாம். எஞ்சியோரை வானில் வட்டமிட வைப்பர். நேராக ஒரு நிமிடம், திரும்புதற்கு ஒரு நிமிடம், மீண்டும் நேராக ஒரு நிமிடம், மீண்டும் திரும்புதற்கு ஒரு நிமிடம் என்று நான்கு நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். தேர் வீதிகளைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வருவதுபோல் விமானம் தொடங்கிய புள்ளிக்கே வரும். ஒருவர்க்கு மேல் ஒருவர் 1,000 அடி இடைவெளியில் அடுக்கப்படுவர். அடியில் இருப்பவர் இறங்கினால், மேலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒரு படி கீழே வருவர். அறிவுள்ள கட்டுப்பாட்டாளர் இவ்வடுக்கை நீள விடமாட்டார். மதுரையிலேயே புறப்பாட்டைச் சில நிமிடம் தாழ்த்துவார். தரையில் காத்திருப்பது வானில் காத்திருப்பதனினும் நன்று. உண்மை விமானத்தில் அது எரிபொருளைக் காக்கும். விளையாட்டு விமானத்தில் பொறுமையைக் காக்கும்.

இத்தனைக்கும் கருவி குரல் ஒன்றே. ஆதலின் இங்குச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தையோ, திசையையோ சொன்னால், கேட்டவர் அதனை அப்படியே திரும்பச் சொல்லுதல் வேண்டும். திரும்பச் சொன்னது சரிதானா என்று சொன்னவர் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். 'ரோஜர்' என்னும் சொல்லைத் திரைப்படங்களில் கேட்டோர், அது உடன்பாட்டைக் குறிக்கும் என்று எண்ணுவர். அதன் பொருள் "நீர் சொன்னதைக் கேட்டேன்" என்ற அளவே. "அவ்வாறே செய்வேன்" என்பதற்கு 'வில்கோ' என்று வேறொரு சொல் உண்டு. உயரத்தைச் சொன்னவரிடம் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லித் தப்பிக்க இயலாது. எண்ணையே திரும்பச் சொல்ல வேண்டும். எண்களையும் ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்தே சொல்வர். ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஓசை மயங்கும் ஆதலின், ஒன்பதை 'நைனர்' என்று நீட்டி உரைப்பர்.

இவையெல்லாம் வீண் சடங்குகள் என்று எண்ணுவோர் 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் மலேசியாவில் நேர்ந்ததை அறிதல் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து சரக்கேற்றிக் கோலாலம்பூரின் சுபாங் நிலையத்திற்கு ஒரு போயிங் 747 விமானம் வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் சொன்னார்; இலக்கங்களைப் பிரித்து 'டூ, ஃபோர், சீரோ, சீரோ' என்றார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும் 'டூ'; 'இவ்வளவுக்கு' என்னும் பொருள்தரும் இடைச்சொல்லும் 'டூ'. விமானி முதற்சொல்லை இடைச்சொல்லாகக் கொண்டார். எஞ்சியது 400 அடி. அவர் திரும்பச் சொன்னபோதும் 400 என்றே சொன்னார்; அது திருத்தப்படவில்லை. விமானம் 437 அடி உயரத்தில் குன்றொன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். எண்ணுக்கும் இடைச்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இலக்கண வகுப்பில் மதிப்பெண் பெறுதற்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

தமிழிலும் இத்தகைய மயக்கம் இல்லாமற் போகவில்லை. லகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்தி ஒலியாதார் வாயில் மலையும் மழையும் ஒன்றாகிவிடுகின்றன. "முன்னே மலை இருக்கிறது" என்றால் விலக வேண்டும். "முன்னே மழை இருக்கிறது" என்றால் நனைந்துகொண்டே போகலாம். பழநி மலைத்தொடரில் இரண்டும் ஒருங்கே இருப்பதுண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் சரிவுகளை மூடிக்கொண்டால் மலை எங்கு முடிகிறது, மேகம் எங்குத் தொடங்குகிறது என்று தோன்றாது. ழகரத்தைத் திருத்திச் சொல்லுமாறு ஆசிரியர் வற்புறுத்துவது அழகுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இப்பகுதியிலேயே அத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, மதுரையை நோக்கி இறங்கத் தொடங்கியபோது, பழநி மலைக்குத் தெற்கே சின்னமனூர் அருகில் உயர்நிலத்தில் மோதியது. பகல்வேளைதான், ஆயினும் பார்வை மங்கிய வானிலை. அதிற் சென்ற 31 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைகள் எத்துணை நெருங்கி நிற்கின்றன என்பதை அவ்வழியே பேருந்தில் சென்றோரும் அறிவர். கணிப்பொறித் திரையில் மதுரைக்கு இறங்கும் விளையாட்டு விமானியும் அதே மலைகளுக்கு இடையேதான் இறங்குகிறார். அவருடைய மலை ஒளியால் ஆனது. மோதினால் திரை ஒருகணம் நின்று மீண்டும் தொடங்கும். இங்குத்தான் இவ்விளையாட்டைப் பற்றிய உண்மையான ஐயம் எழுகிறது.

மோதினாலும் மீண்டும் தொடங்கலாம் என்பது நல்ல பாடம் அன்று. தனியே அமர்ந்து விளையாடுபவன், மலையில் மோதுவதையே வேடிக்கையாகக் கொள்ளலாம். பத்துமுறை மோதி, பதினோராம் முறை தப்பினால் தன்னைத் திறமுடையவன் என்றும் எண்ணிக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் உயிர் திரும்பிவரும் என்னும் பழக்கம் இளம் உள்ளத்தில் ஊறுவது தீது என்று பெற்றோர் அஞ்சுவதில் பொருளுண்டு. மாலைப்பொழுதெல்லாம் திரைமுன் கழிகிறதே என்று அவர்கள் கூறுவதிலும் பொருளுண்டு. இவ்விரு குறையையும் மறைத்து இவ்விளையாட்டைப் புகழ்தல் நேர்மையாகாது.

ஆனால் கூட்டுப்பறத்தலில் நிலைமை வேறாகிறது. அங்கு ஒருவன் வேண்டுமென்றே ஓடுபாதையின் நடுவில் நின்றால், அவனுக்குப் பின்னே இறங்கவேண்டிய பத்தொன்பதின்மரும் வட்டமிட நேர்கிறது. அவர்களில் ஒருவர் அலுவலகத்தினின்று களைத்து வந்தவர். மற்றொருவர் மறுநாள் தேர்வுக்குப் படித்து முடித்துவிட்டு ஒருமணி நேரம் ஒதுக்கியவர். வேறொருவர் கடல்கடந்த நாட்டில் நள்ளிரவில் கண்விழித்திருப்பவர். விமானம் பொய், காத்திருப்பவர் பொய்யல்லர். உயிர் இழக்கப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும் பிறர் நமக்கு நம்பித் தந்த மாலைப்பொழுது இழக்கப்படுகிறது. அதனைத் திருப்பித் தரும் பொத்தான் எதுவும் இல்லை. கட்டுப்பாட்டாளரின் சொல்லுக்கு வலிமை தருவது இதுவே. அவர் கையில் கோல் இல்லை. வரம்பு மீறுவோரை நீக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர்க்கு உண்டு என்றாலும், ஒரு மாலையில் சொல்லப்படும் நூற்றுக்கணக்கான சொற்களில் பெரும்பாலானவை தண்டனைக்கு அஞ்சிக் கேட்கப்படுவன அல்ல. "நான் கேட்டால்தான் பிறரும் கேட்பர்" என்னும் எண்ணத்தால் கேட்கப்படுவன. அச்சத்தால் வரும் ஒழுங்கைப் பள்ளியில் எளிதில் காணலாம். மணி அடித்ததும் அது கலைந்துவிடும். கேட்பாரற்ற இடத்தில் தாமே மேற்கொள்ளும் ஒழுங்கு அரிது. விளையாட்டில் அது விளைகிறது என்றால், அவ்விளையாட்டை இழித்துரைப்பது முறையாகாது.

வாட்சிம் அமைப்பின் விதிகளில் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. விமானி ஒருவர், பொறி பழுதுற்றது என்பது போன்ற இடரைப் பாவனையாக அறிவிக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டாளர் அதனை நிறுத்துமாறு கேட்டால், அப்போதே நிறுத்த வேண்டும். இல்லையேல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். விமானக் கடத்தலைப் பாவனை செய்வதோ முற்றும் விலக்கப்பட்டது. உண்மை வானத்தில், இடருற்ற விமானியிடம் "இப்போது எனக்கு நேரமில்லை" என்று எந்தக் கட்டுப்பாட்டாளரும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார். பாவனைக்கும் உண்மைக்கும் உள்ள எல்லையை இவ்விதி நன்கு அறிந்திருக்கிறது. தன் பாவனைத் துன்பத்தால் பிறருடைய உண்மைப் பொழுதை வாங்காதே என்பது அதன் கருத்து.

இவ்வெல்லையை மறப்போரும் உளர். ஈராண்டு திரைமுன் அமர்ந்து பழகியதனால் தம்மை உண்மைக் கட்டுப்பாட்டாளர்க்கு நிகராகக் கருதுவது பிழை. நம் நாட்டில் அத்தொழிலுக்கு உரியோர் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பணியாளர். அலகாபாத்தில் 1948ஆம் ஆண்டில் தோன்றிய பயிற்சிக் கல்லூரி, இன்று பிரயாக்ராஜ் எனப் பெயர் மாறிய அந்நகரில் அவர்களைப் பயிற்றுவிக்கிறது. அவர்கள் இரவும் பகலும் முறைவைத்துப் பணிசெய்வர். அவர்கள் சொல்லின் பின்னே நூற்றுக்கணக்கான உயிர்கள் உள்ளன. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் வானில் மோதி 349 பேர் மாண்டபோது, கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரங்கள் சரியானவையே. தில்லியினின்று ஏறிய சவூதி விமானத்திற்கு 14,000 அடி. தில்லிக்கு இறங்கிய கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி. இறங்கிய விமானம் தனக்குக் குறித்த உயரத்தில் நில்லாமல் கீழே வந்தது என்று விசாரணை கண்டது. சரியாகச் சொல்வதும் சரியாகக் கேட்பதும்கூடப் போதா. கேட்டபடி நிற்றலும் வேண்டும். அந்நாள் உண்மைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருந்தவர் சுமந்த துயரத்தை விளையாட்டுக் கட்டுப்பாட்டாளர் எக்காலத்தும் சுமக்க வேண்டியதில்லை. ஆதலின் அவர் தம்மைப் பற்றி அடக்கமாகவே எண்ணுதல் தகும்.

இறுதியாக மொழி பற்றிய வினா ஒன்று உண்டு. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே பறப்போர் இருபதின்மரும் தமிழராயின், தமிழிலேயே பேசினால் என்ன என்று தமிழ்ப்பற்றுடைய மாணவர் வினவுவர். தரைநிலையத்தார் வழங்கும் மொழியிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம் என்பதே பன்னாட்டு வான்விதி. பிரான்சு நாட்டில் பிரெஞ்சு விமானியும் கட்டுப்பாட்டாளரும் பிரெஞ்சு மொழியிலேயே பேசிக்கொள்வதும் உண்டு. ஆகவே வினா தவறானதன்று. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். வானொலி அலைவரிசை அனைவர்க்கும் பொது. கட்டுப்பாட்டாளர் ஒருவரிடம் சொல்வதை மற்றப் பத்தொன்பதின்மரும் கேட்கின்றனர். "எனக்கு முன்னே ஒருவர் 9,000 அடிக்கு இறங்குகிறார்; அடுத்து என் முறை" என்று கேட்டே அறிந்துகொள்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத வானத்தைச் செவியால் காண்கின்றனர். அக்கூட்டத்தில் வங்காளியோ, ஆங்கிலேயரோ ஒருவர் வந்து சேர்ந்தால், தமிழில் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் கண்ணை மறைக்கும். எனவே பறக்கும் வேளையில் அனைவரும் உடன்பட்ட சொற்களையே வழங்குதல் தக்கது. தமிழை நேசிப்பவர் இதற்கு நாணவேண்டியதில்லை. வள்ளுவர் சொல்வன்மைக்கும் பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். குறைந்த சொல்லில் ஐயமின்றிப் பொருளை உணர்த்துவதே நோக்கமாயின், எம்மொழியில் உரைப்பினும் அது தமிழறிஞர்க்கு உவப்பானதே.

தமிழுக்கு வேலை வேறிடத்தில் இருக்கிறது. 'ரோஜர்' என்பதற்கும் 'வில்கோ' என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன, மலைமேல் 2,000 அடி ஏன் விட வேண்டும், விமானங்களை ஏன் 1,000 அடி இடைவெளியில் அடுக்குகின்றனர் என்பனவற்றைத் திண்டுக்கல்லிலோ பழநியிலோ பயிலும் மாணவன் தன் மொழியில் கற்றுக்கொள்ள நூல்கள் வேண்டும். ஆங்கிலச் சொற்றொடர்களைக் கிளிபோல் ஒப்பித்துவிட்டுப் பொருள் அறியாது பறப்பவன், சுபாங் விமானி மயங்கியதுபோல் மயங்குவான். கோடைக்கானலில் வானொலியின் பண்பலைக் கோபுரம் உயர்ந்த இடத்தில் நிற்பது ஏன் என்பதற்கும், பள்ளத்தாக்கினுள் தாழப் பறக்கும் விமானிக்குக் கட்டுப்பாட்டாளர் குரல் கேளாமற் போவது ஏன் என்பதற்கும் விடை ஒன்றே. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் தடைப்படும். பண்பலை ஒலிபரப்பு முடியும் 108 மெகாஹெர்ட்சுக்கு மேலேயே, 118 முதல் 137 வரை, விமானிகளின் பேச்சு அலைவரிசைகள் அமைந்துள்ளன. இதனைத் தமிழில் ஒருமுறை விளக்கிவிட்டால், அம்மாணவன் தாழ்நிலத்து வழியே சிறு விமானத்தை ஓட்டிச் செல்லும்போது, குரல் மங்கத் தொடங்கியதும் அஞ்சமாட்டான். சற்று உயர ஏறிக்கொண்டு, தனக்குச் சொல்லப்பட்ட எண்ணை மீண்டும் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்வான்.